நாலாவது மாடியும் நாலு துண்டுத் தட்டும்

ஹோட்டல் சர்வீஸில் கால் வலியையாவது எண்ணெய் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்கிறார் என்றே புரியாமல் "எஸ் சார்" சொல்லிவிட்டு நடப்போமே, அந்த வலிக்கு மருந்தே கிடையாது. உங்களில் யாராவது எப்போதாவது தட்டு தூக்கியிருந்தால் நான் சொல்வது புரியும். தூக்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மதுரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில், தரைத்தளத்துப் பெர்மிட் ரூமில், அதாவது பாரில், ஆறு வருஷம் சர்வராக இருந்தேன். இருட்டு ரூம், பிளைவுட் தடுப்பு, அழுக்குத் திரை. வருகிறவர் குவார்ட்டர் கேட்பார், ஆம்லெட் கேட்பார், வசதி இருந்தால் சுக்கா கேட்பார். அதில் குழம்ப ஒன்றும் இல்லை. செல்போனில் இன்கமிங் காசில்லாமல் ஆன சமயத்தில் முதலாளியின் மகன் பெங்களூர் போய் எதையோ பார்த்துவிட்டு வந்தார். பெர்மிட் ரூமை மூடி, நாலாவது மாடியில் 'லவுஞ்ச்' என்று ஒன்றைத் திறந்தார்கள். என்னை ஆர்டர் எடுக்கிற கேப்டனாகப் போட்டார்கள். மூன்று மாசம் சோதனை, சரியாக வந்தால் பெர்மனென்ட், இல்லாவிட்டால் வீட்டுக்கு.

வீடு என்றேனே, அதுதான் சிக்கல். எனக்கு வீடு கிடையாது, ஸ்டாஃப் ரூமில் ஒரு கட்டில்தான். மனைவி செல்வியும் மகளும் உசிலம்பட்டியில் மாமனார் வீட்டில். "வேலை பெர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் பிள்ளைய அனுப்புறேன்" என்று மாமா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். நான் பாரில் வேலை பார்ப்பது செல்விக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. ஓட்டல் என்றால் அவருக்கு இட்லி, தோசைதான். அவர் வீட்டில் சாராயம் என்ற வார்த்தையே யாரும் பேசக்கூடாது. லீவு கிடைத்து ஊருக்குப் போனால் மகள் என்னிடம் வரமாட்டாள், அவர் காலைக் கட்டிக்கொண்டு யாரோ வந்திருப்பதுபோல் என்னை எட்டிப் பார்ப்பாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பெர்மனென்ட் வாங்கி அவளை மதுரைக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். அந்த மூன்று மாசமும் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

முட்டி போட்டு ஆர்டர்

மேனேஜர் சாவந்த் பம்பாய்க்காரர். சென்னையில் இருந்து தமிழ் பழகியவர். முதல் நாளே எங்களை வரிசையில் நிறுத்தி, "இங்கே கஸ்டமர் குடிக்க வரலை, சும்மா இருக்க வர்றார்" என்றார். சும்மா இருக்க எதற்கு நாலு மாடி ஏறி வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. சோபாக்கள் தரையோடு தரையாக இருக்கும். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். நாம் நின்றுகொண்டு ஆர்டர் எடுத்தால் கஸ்டமர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்குமாம். அதனால் கேப்டன் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, கண்ணுக்கு நேராகப் பேச வேண்டும் என்பது அவர் சட்டம்.

முதலில் வந்தவர் கீழமாசி வீதியில் பருப்பு மண்டி வைத்திருப்பவர், பெர்மிட் ரூம் காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவர். நான் போய் பவ்யமாக முட்டி போட்டேன். மனுஷன் பதறிப்போய் இரண்டு காலையும் சோபா மேலே தூக்கிக்கொண்டார். பிறகு என் தலையில் கை வைத்து "நல்லாயிரு" என்றார். நான் எழுந்திருக்கவில்லை, சட்டப்படி ஆர்டர் எடுக்காமல் எழக்கூடாது. அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "என்னப்பா முருகேசா, வேலையில எதுவும் பிரச்சனையாகிப் போச்சா? மொதலாளிகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லவா?"

ஐந்து பேருக்கு நாலு துண்டு

அங்கே தட்டு எல்லாம் சின்னது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் நாலு துண்டு மீன், மேலே ஒரு இலை, ஓரத்தில் ஏதோ ஒரு சட்னியைப் பிரஷ்ஷால் இழுத்துவிட்டிருப்பார்கள். ஒரு தட்டு முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் அடுத்தது என்று ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுபோய் வைத்தால் சாவந்த் சாருக்குக் கோபம் வரும்.

டைல்ஸ் கடைக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். மீன் தட்டை வைத்தேன். நாலு துண்டு, ஐந்து பேர். "அண்ணே நீங்க எடுங்க", "நீ சாப்புடு மாப்ள", "நான் வீட்டுல சாப்ட்டுத்தான் வந்தேன்" என்று தட்டு சோபாவைச் சுற்றி வந்தது. மூத்தவர் எடுக்காமல் சின்னவர் தொட முடியாது. ஒரு ஆளுக்கு இல்லையென்று தெரிந்தபின் மூத்தவருக்கும் எடுக்க மனசு வரவில்லை. கால் மணி நேரத்தில் மீன் ஆறிப்போய், நாலு துண்டோடு தட்டு அப்படியே மேசைக்குத் திரும்பியது. நான் தொட்டால் இலை விழுந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கிச்சனில் போய் ஐந்தாவதாக ஒரு துண்டு கேட்டேன். தட்டின் அழகு கெட்டுப்போகும், தரமுடியாது என்றார் செஃப். கடைசியில் மூத்தவர் ஒரு துண்டை விரலால் பிய்த்து ஐந்து பேருக்கும் பிரசாதம்போலக் கொடுத்தார். எல்லாரும் கண்ணை மூடி மென்றார்கள். பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "டேஸ்ட் பாத்தாச்சு தம்பி, நல்லாத்தான் இருக்கு. இனி திங்கிறதைக் கொண்டா."

கரண்டு வந்தது

பெர்மிட் ரூமில் தடுப்பு இருந்தது வீண் அலங்காரத்துக்கு இல்லை. நம்ம ஊரில் மாமனும் குடிப்பார், மருமகனும் குடிப்பான், ஒருத்தருக்கொருத்தர் தெரியவும் தெரியும். ஆனால் ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் படக்கூடாது. யாரை எந்தத் தடுப்புக்குள் அனுப்புவது என்பதுதான் என் வேலையில் பாதி. நாலாவது மாடியில் தடுப்பே இல்லை. மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தி மட்டும். அந்த இருட்டு ஒன்றுதான் எனக்குத் துணை.

ஒரு நாள் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் வந்து கிழக்கு மூலையில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவருடைய அக்கா மகன் இரண்டு கூட்டாளிகளோடு வந்து மேற்கு மூலையில் உட்கார்ந்தான். பெரியவர் வீட்டுப் பாஷையிலேயே இவர்களும் கிசுகிசுவென்று பேசிக்கொள்வது காதில் விழுந்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நடுவில் நானும் சாகுலும் முடிந்தவரை குறுக்கே நின்றுகொண்டோம். சாகுல் எனக்கு அடுத்த ஸ்டூவர்ட், என்னோடு பெர்மிட் ரூமிலிருந்து மேலே வந்தவன்.

அன்றைக்குப் பார்த்து மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்துவிட்டு, "எம்புட்டு நேரமா கரண்டு இல்ல?" என்று கேட்டார். இது டிசைன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, நான் ஹோட்டல் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் சுவிட்ச் போர்டைக் கண்டுபிடித்து, அதில் இருந்த எல்லாவற்றையும் மேலே தள்ளிவிட்டார். லவுஞ்ச் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் கையில் கிளாஸோடு மருமகனைப் பார்க்கிறார், மருமகன் கையில் கிளாஸோடு மாமாவைப் பார்க்கிறான். நான் நடுவில் டிரேயோடு நிற்கிறேன், எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. பெரியவர் நிதானமாகக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவந்து மருமகன் தோளில் கை போட்டார்: "வீட்டுல கரண்டு இல்லன்னு நான் காத்தாட வந்தேன். நீயும் அதுக்குத்தான வந்திருப்ப? வந்திருச்சுல்ல, வா போவோம்."

முதலாளி வந்த சாயங்காலம்

மூன்றாவது மாசக் கடைசியில் முதலாளி பார்க்க வரப்போவதாகச் சொன்னார்கள். லவுஞ்சை வைத்துக்கொள்வதா, மூடிவிட்டுப் பார்ட்டி ஹாலாக ஆக்குவதா, யாரை வைத்துக்கொள்வது என்று அன்றைக்கு முடிவாகும். காலையிலேயே சட்டையை அயர்ன் செய்து மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை உட்காராமல் இருந்தேன், கசங்கிவிடும் என்று. ஆறரை மணிக்கு முதலாளி மகனோடு வந்து ஓரமாக உட்கார்ந்து ஒரு லைம் ஜூஸ் கேட்டார். சாவந்த் சார் என் காதில், "எந்த டேபிளாக இருந்தாலும் நீதான் சர்வ் பண்ண வேண்டும்" என்றார்.

முதலில் வந்த கூட்டம் ஐந்து பேர். கப்பலூர் பக்கம் நிலம் வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர்தான் கூட்டி வந்திருந்தார். ஏதோ நிலப் பேச்சு முடிந்த சந்தோஷம். நடுவில் நிலத்துக்காரரை மரியாதையாக உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. புரோக்கர் கவுன்டரிலேயே சொல்லிவிட்டு வந்ததால் முதல் ரவுண்டைச் சாகுல் கொடுத்திருந்தான். நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குனிந்து, சட்டப்படி ஒரு முட்டியை ஊன்றி, "குட் ஈவினிங் சார்" என்று நிமிர்ந்தேன். வெள்ளை வேட்டிக்காரர் கையில் கிளாஸ் இருந்தது. அவர் என் மாமனார்.

அவர் என்னைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். குடிக்கவே மாட்டார் என்று ஊரே நம்பும் மனுஷர். நான் இட்லிக் கடையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தவர். யார் யாரிடம் மாட்டிக்கொண்டோம் என்று அந்த நிமிஷம் எனக்குச் சத்தியமாக விளங்கவில்லை. கிளாஸ் துண்டுக்கு அடியில் போனது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை நிற்க மாமனார் உட்கார்ந்திருக்கிற வழக்கமே கிடையாது, நானோ முட்டி போட்டு அவர் காலடியில் இருக்கிறேன். அவர் அடித்துப் பிடித்து எழுந்து நின்று, வழக்கமாக வீட்டில் சொல்வதையே வாய் தவறிச் சொல்லிவிட்டார்: "உக்காருங்க மாப்ள."

சோபாவோடு எழுந்தார்கள்

நல்லவேளை, எங்கள் ஊரில் பஸ் கண்டக்டரையும் மாப்ள என்பார்கள், டீக்கடைக்காரரையும் மாப்ள என்பார்கள். அதனால் மற்றவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நிலத்துக்காரரே எழுந்து நிற்கும்போது தாங்கள் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று புரோக்கர் எழுந்தார். அவரைப் பார்த்து மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். அந்தப் பள்ளத்துச் சோபாவிலிருந்து எழுவது லேசான காரியம் இல்லை, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். நான் ஆர்டர் எடுத்துக்கொண்டு நகர்ந்த பிறகு உட்கார்ந்தார்கள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இது சின்னத் தட்டு சமாச்சாரம். காளான் தட்டு கொண்டுபோனேன், மாமா எழுந்தார், ஐந்து பேரும் எழுந்தார்கள். இறால் தட்டு கொண்டுபோனேன், மறுபடியும் எழுந்தார்கள். "ஏண்ணே எந்திரிக்கிறீக?" என்று புரோக்கர் கேட்டதற்கு, "இடுப்புப் பிடிப்பு, ரொம்ப நேரம் உக்கார முடியல" என்றார் மாமா. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அவரும் கூரையைத்தான் பார்த்தார். அடுத்த தட்டைச் சாகுலிடம் கொடுத்தனுப்பினேன். சாவந்த் சார் பாதி வழியில் அவனிடமிருந்து வாங்கி என் கையில் திணித்து, "ஓனர் உன்னைத்தான் பார்க்கிறார்" என்றார். கோழித் தட்டோடு போனேன், எழுந்தார்கள். பனீர் தட்டோடு போனேன், எழுந்தார்கள். மற்ற மேசைக்காரர்கள் இது ஏதோ இந்த இடத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, நான் அவர்கள் பக்கம் போனபோது அவர்களில் இரண்டு பேர் பாதி எழுந்தார்கள். சாவந்த் சாருக்கு வேர்த்துவிட்டது. சர்வீஸ் பிடிக்காமல் கூட்டம் கிளம்பப் பார்க்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முதலாளி கூப்பிட்டார். "அவங்க ஏன்டா உன்னையப் பாத்தா எந்திரிக்கிறாங்க?" என்றார். உண்மையைச் சொன்னால் மாமா மானம் போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். உசிலம்பட்டி வீட்டு வாசலில் மகள் நின்று எட்டிப் பார்ப்பதுதான் கண்ணுக்குள் வந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம், மாமாவை நாலு பேருக்கு முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டு அந்த வாசலை எப்படி மிதிப்பது. "தெரியல சார்" என்றேன். அவர் லைம் ஜூஸை உறிஞ்சிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்: "இத்தன வருசமா ஓட்டல் நடத்துறேன், என்னையப் பாத்து எந்தக் கஸ்டமரும் எந்திரிச்சதில்ல. இவன்கிட்ட என்னமோ இருக்குடா, இவனை பெர்மனென்ட் பண்ணு."

லிஃப்ட் வாசல்

பெர்மனென்ட் ஆனதில் எனக்குத் துளி சந்தோஷம் இல்லை. எதை வாங்கிவந்தால் பிள்ளையை அனுப்புகிறேன் என்று மாமா சொன்னாரோ அது கிடைத்துவிட்டது. ஆனால் அது சாராயம் ஊற்றிக்கொடுக்கிற வேலை என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது. செல்விக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து யோசித்து இரண்டு மேசைக்குத் தட்டை மாற்றி வைத்துவிட்டேன்.

கிளம்புகிற கஸ்டமரை லிஃப்ட் வரை கேப்டன் கொண்டுபோய் விட வேண்டும் என்பது சாவந்த் சாரின் இன்னொரு சட்டம். புரோக்கர் கூட்டம் முதல் லிஃப்டில் இறங்கிப்போனது. மாமா இடமில்லை என்று சொல்லிப் பின்தங்கிவிட்டார். நானும் அவரும் மட்டும். அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார், தோளில் போட்டார், மறுபடியும் எடுத்துத் துடைத்தார். நான் லிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன், அது எரிந்துகொண்டுதான் இருந்தது. "பெர்மனென்ட் ஆயிருச்சு மாமா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "பாத்தேன். நல்லாத்தான் கவனிக்கிறீக" என்றார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. நீங்க முன்னால போங்க என்று அவர் கை காட்டினார், நான் கை காட்டினேன், கதவு மூடிக்கொண்டது. மறுபடியும் பொத்தானை அமுக்கினேன். இந்தத் தடவை அவரே உள்ளே போய் நின்று, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நாள் நல்லாயிருக்கு, ஒரு வீட்டப் பாத்துப் பால் காய்ச்சிருங்க மாப்ள. பிள்ளையையும் பேத்தியையும் நானே கூட்டியாந்து விட்டுட்டுப் போறேன். நீங்க எத்தனாவது மாடியில வேலை பாக்குறீகன்னு நான் யாருகிட்டயும் சொல்லல, நான் எத்தனாவது மாடி வரைக்கும் வந்தேன்னு நீங்களும் சொல்லிராதீக."

அப்பா எப்படி ஒரே நாளில் மனசு மாறினார் என்று செல்வி இன்றைக்கும் கேட்கிறாள், குடும்பம் வந்த காரணம் தெரிந்த நானும் மாமாவும் வாயைத் திறப்பதில்லை, வேலை நிரந்தரமான காரணமோ அதைக் கொடுத்த முதலாளிக்கே தெரியாது.